மாற்றி ஆடிப் பாருங்கள்

1952-ஆம் ஆண்டு உலக டேபிள் டென்னிஸ் சாம்பியன்ஷிப் பம்பாயில் நடந்தது. ஆசிய மண்ணில் அந்தப் போட்டி நடந்தது அதுவே முதல் தடவை. 1926-இல் போட்டி தொடங்கியதிலிருந்து ஆண்கள் ஒற்றையர் பட்டம் ஐரோப்பியர்களைத் தாண்டிப் போனதில்லை. அவர்களுடைய மட்டைகளும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான்: மரப்பலகை, அதன்மேல் குட்டைப் புள்ளிகள் கொண்ட மெல்லிய ரப்பர். பந்து பட்டால் 'டொக்' என்று கேட்கும். அந்த ஓசையை வைத்தே அடி எவ்வளவு பலமானது என்று எதிராளி பாதி கணித்துவிடுவார். ஜப்பானிலிருந்து வந்த ஹிரோஜி சாட்டோவின் மட்டையில் தடித்த ஸ்பாஞ்ச் ஒட்டியிருந்தது. பந்து ஓசையில்லாமல் பட்டு, நினைத்ததைவிட வேகமாகத் திரும்பிற்று. இறுதி ஆட்டத்தில் ஹங்கேரியின் யோசெஃப் கோச்சியானை வீழ்த்தி சாட்டோ உலக சாம்பியன் ஆனார். ஜெயித்தது மட்டைதான், ஆள் இல்லை என்ற பேச்சு உடனே எழுந்தது.

அந்தப் பேச்சில் கொஞ்சம் உண்மை உண்டு. சாட்டோ அதற்குப் பிறகு உலகப் பட்டம் வெல்லவில்லை. ஆனால் அவர் நாட்டவர்கள் வென்றார்கள். 1954-லும் 1956-லும் இச்சிரோ ஓகிமுரா, 1955-லும் 1957-லும் தோஷியாகி தனாகா. ஸ்பாஞ்ச் தந்த வேகத்தோடு அவர்கள் நின்றுவிடவில்லை. ஓயாத கால் ஓட்டம், எங்கிருந்தும் பாயும் ஃபோர்ஹேண்ட் அடி என்று அந்த வேகத்துக்கு ஏற்ற ஓர் ஆட்ட முறையையே கட்டியெழுப்பினார்கள். 1959-இல் சர்வதேச சம்மேளனம் வெறும் ஸ்பாஞ்ச் மட்டையைத் தடை செய்தது. ஸ்பாஞ்சின் மேல் ரப்பர் ஒட்டிய மட்டையை 4 மில்லிமீட்டர் தடிமன் வரம்போடு அனுமதித்தது. இன்று பள்ளிப் பிள்ளைகள் கையில் இருப்பதும் அந்த வகை மட்டைதான். தந்திரம் என்று ஒதுக்கப்பட்ட ஒரு சோதனையின் வழித்தோன்றல், ஏழு ஆண்டுகளில் உலகத்தின் பொது விதியாகிவிட்டது. டேபிள் டென்னிஸின் வரலாற்றில் இப்படி நடந்தது இந்த ஒரு முறை மட்டுமல்ல.

இந்த வரலாற்றை இன்று நினைவுபடுத்தக் காரணம் இருக்கிறது. இப்போது பயிற்சிக் கூடங்களில் கற்றுத்தரப்படும் ஆட்டம் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தது. கைகுலுக்குவதுபோல் மட்டையைப் பிடிப்பது, இரண்டு பக்கமும் வழவழப்பான ரப்பர், மேசையை ஒட்டி நிற்பது, இருபுறமும் டாப்ஸ்பின். இது பலமான முறை என்பதில் ஐயமில்லை. ஆனால் எல்லாரும் இதையே ஆடும்போது, எல்லாருக்கும் பயிற்சியில் கிடைப்பதும் ஒரே மாதிரியான பந்துதான். வேறு விதமாக ஆடுகிற ஒருவரைப் போட்டியில் முதன்முதலாகச் சந்திக்கும் நாளில், பல ஆண்டுப் பயிற்சி அரை மணி நேரத்தில் குலைந்துபோகிறது. வேறோர் ஆட்ட முறையை முயன்று பார்ப்பதைப் பலர் குறுக்குவழி என்றோ வேலையற்ற விளையாட்டு என்றோ நினைக்கிறார்கள். என் கருத்தில் அது இந்த விளையாட்டின் அடிப்படைக் கல்வியில் ஒரு பாடம். தொடக்கநிலையைத் தாண்டிய எவரும், சிறுவரோ பெரியவரோ, ஒரு முறையாவது அந்தப் பாடத்தைப் படித்துவிட வேண்டும்.

சுழற்சியே மையம்

ஆட்ட முறை என்பது நான்கு சங்கதிகள் சேர்ந்தது: மட்டையைப் பிடிக்கும் விதம், அதில் ஒட்டிய ரப்பர், மேசையிலிருந்து நிற்கும் தூரம், புள்ளியை எப்படி எடுக்கப்போகிறோம் என்ற திட்டம். இந்த நான்குமே பந்தின் சுழற்சியைச் சுற்றித்தான் அமைகின்றன. பந்தின் எடை 2.7 கிராம், விட்டம் 40 மில்லிமீட்டர். மேசையின் நீளம் 2.74 மீட்டர். இவ்வளவு லேசான பந்து இவ்வளவு குறுகிய இடத்தில் பறக்கும்போது, அது எந்தப் பக்கம் சுழல்கிறது என்பதே அதன் போக்கைத் தீர்மானிக்கிறது. முன்னோக்கிச் சுழலும் டாப்ஸ்பின் பந்து வளைந்து இறங்கி, மேசையில் பட்டதும் முன்னே பாயும். எதிராளி மட்டையில் பட்டால் மேலே எழும்பும். பின்னோக்கிச் சுழலும் பேக்ஸ்பின் பந்து மிதந்து வரும். மட்டையில் பட்டால் வலைக்குள் விழும். எதிராளி கொடுத்த சுழற்சியைக் கண நேரத்தில் படித்து, அதற்கேற்ப மட்டையைச் சாய்ப்பதில்தான் ஆட்டக்காரரின் திறமை இருக்கிறது.

வழவழப்பான ரப்பர் பந்தைக் கவ்விப் பிடித்து, வந்த சுழற்சியை நிறுத்தி, ஆடுபவர் விரும்பும் சுழற்சியை ஏற்றி அனுப்பும். 'லாங் பிம்பிள்' எனப்படும் நீண்ட புள்ளிகள் கொண்ட ரப்பர் வேறு மாதிரி வேலை செய்கிறது. பந்து பட்டதும் அந்தப் புள்ளிகள் மடங்கிக் கொடுக்கும். பிடிப்பு குறைவு என்பதால் வந்த சுழற்சி அநேகமாக அப்படியே நீடிக்கும். பந்து சுழலும் திசை மாறுவதில்லை, பறக்கும் திசை மட்டும் திரும்பிவிடுகிறது. அதனால் டாப்ஸ்பின்னாக வந்த பந்து பேக்ஸ்பின்னாகத் திரும்பிப் போகிறது. வலுவாகச் சுழற்றி அடித்தவருக்கு அவர் கொடுத்த சுழற்சியே எதிரியாகி வந்து நிற்கிறது. வழுக்கும் மேற்பரப்புள்ள ஆன்ட்டி ஸ்பின் ரப்பரும் ஏறக்குறைய இதையே செய்யும். மேசையைவிட்டு விலகி நின்று, மட்டையை மேலிருந்து கீழே இறக்கிப் பந்தை வெட்டித் திருப்பும் 'சாப்' ஆட்டம் இன்னொரு வகை. பேனா பிடிப்பதுபோல் மட்டையைப் பிடிப்பவர்களின் ஆட்டம் மற்றொரு வகை. ஒவ்வொன்றும் எதிராளியிடம் ஒரு புதுக் கேள்வி கேட்கிறது. அதன் விடையைப் பயிற்சியில் தேடாதவர்கள் போட்டியில் தடுமாறுகிறார்கள்.

உடலுக்கு ஏற்ற ஆட்டம்

வேறு முறையை முயல்வதால் கிடைக்கும் முதல் பயன், தன் உடலுக்கு எது பொருந்தும் என்பது தெரியவருவது. சீனாவின் டெங் யாபிங் சுமார் 150 சென்டிமீட்டர் உயரம்தான். உயரம் போதாது என்று சொல்லி ஹெனான் மாகாண அணி அவரைச் சேர்க்க மறுத்தது. மேசையை ஒட்டி நின்று, பேக்ஹேண்ட் பக்கம் லாங் பிம்பிளால் எதிராளியின் ஒழுங்கைக் கலைத்து, ஃபோர்ஹேண்டால் உடனே தாக்கும் ஆட்டத்தை அவர் வளர்த்துக்கொண்டார். 1992, 1996 ஒலிம்பிக்குகளில் ஒற்றையர், இரட்டையர் என்று நான்கு தங்கம் வென்றார். உயரமானவர்களின் ஆட்டத்தை அவர் அப்படியே பின்பற்றியிருந்தால் எட்டாத பந்துகளைத் துரத்தியே களைத்திருப்பார்.

வயதுக்கும் இது பொருந்தும். 1963-இல் ஷாங்காயில் பிறந்து, பின்னாளில் லக்சம்பர்க் நாட்டுக்காக ஆடும் நி சியா லியான், பேனா பிடியும் பிம்பிள் ரப்பரும் கொண்டவர். டோக்கியோ ஒலிம்பிக்கில் 58 வயதில், 17 வயது கொரிய வீராங்கனை ஷின் யூபினை ஏழாவது கேம் வரை இழுத்துச் சென்ற பிறகே தோற்றார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 61 வயதில் முதல் சுற்றை வென்றார். ஓட்டத்தைக் குறைத்து, எதிராளியை ஓட வைக்கும் ஆட்டம் அவருடையது. வேகமே ஆட்டம் என்று நம்பும் நடுவயதுக்காரர்கள் முழங்கால் வலி வந்ததும் மட்டையைப் பெட்டியில் வைத்துவிடுகிறார்கள். முறையை மாற்றிப் பார்த்திருந்தால் அவர்களில் பலர் இன்னும் பல ஆண்டுகள் மேசையில் நின்றிருக்கலாம்.

இரண்டாவது பயன், தேங்கிப்போன ஓர் ஆட்ட மரபுக்கு உயிர் வருவது. 1989-இல் ஜெர்மனியின் டார்ட்முண்ட் நகரில் நடந்த உலகப் போட்டியின் ஆண்கள் அணி இறுதியில் ஸ்வீடன் சீனாவை 5-0 என்று வென்றது. சீனர்களின் பேனா பிடி ஆட்டத்தில் பேக்ஹேண்ட் பலவீனம் என்பதை ஐரோப்பியர்கள் கண்டுகொண்டிருந்தார்கள். மட்டையின் ஒரே பக்கத்தால் இருபுறமும் ஆடுவது அந்தப் பிடியின் வழக்கம். பேனா பிடியின் காலம் முடிந்தது என்று பலர் முடிவுகட்டிய அந்தக் கட்டத்தில்தான், மட்டையின் பின்பக்கத்திலும் ரப்பர் ஒட்டி, அதைக் கொண்டு பேக்ஹேண்ட் அடிக்கும் புது முறை சீனாவில் வளர்ந்தது. அதைக் கையாண்ட லியூ குவோலியாங் 1996 ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார். அடுத்து வந்த வாங் ஹாவ் பழைய பேக்ஹேண்ட் அடியை அநேகமாகக் கைவிட்டு, முழுக்கப் பின்பக்க அடியையே நம்பி 2009-இல் உலக சாம்பியன் ஆனார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 17 வயதில் ஒற்றையர் வெண்கலம் வென்ற பிரான்ஸின் ஃபெலிக்ஸ் லெப்ரன் ஆடுவதும் இதே முறைதான். ஆசியப் பிடி ஒன்று ஐரோப்பியச் சிறுவன் கையில் மறுவாழ்வு பெற்றிருக்கிறது.

மூன்றாவது பயன், தன்னைவிட வலிமையான எதிராளியையும் தடுமாற வைக்க முடிவது. அதற்குச் சான்று நம் நாட்டிலேயே இருக்கிறது. 2018 கோல்டு கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில், அதுவரை பெண்கள் அணிப் பட்டத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காத சிங்கப்பூரை இந்தியா வென்றது. பேக்ஹேண்டில் லாங் பிம்பிள் வைத்து ஆடும் மணிகா பத்ரா ஒற்றையர் தங்கத்தையும் எடுத்துக்கொண்டார். ராலி நடக்கும்போதே மட்டையைக் கையில் திருப்பி, எந்தப் பக்கத்தால் அடிக்கிறார் என்று எதிராளியைத் திணற வைப்பது அவருடைய பலம். 2023 ஹாங்சோ ஆசியப் போட்டியில் சுதிர்தா முகர்ஜியும் ஆய்ஹிகா முகர்ஜியும் உலக சாம்பியன்களான சீன இணையை வென்று, இரட்டையர் வெண்கலம் பெற்றார்கள். 2024 பிப்ரவரியில் பூசான் உலக அணிப் போட்டியில், ஆன்ட்டி ஸ்பின் ரப்பரோடு ஆடும் ஆய்ஹிகா, உலகத் தரவரிசையில் முதலிடத்தில் இருந்த சுன் யிங்ஷாவை 3-1 என்று தோற்கடித்தார். அந்த மோதலைச் சீனா 3-2 என்று வென்றுவிட்டது உண்மை. ஆயினும் சீனாவின் ஆட்டத்தையே ஆடி சீனாவை வெல்வது எத்தனை கடினம் என்று அறிந்தவர்களுக்கு, அந்த இரண்டு புள்ளிகளின் மதிப்பு புரியும்.

மூன்று மறுப்புகள்

இதெல்லாம் ரப்பரின் தந்திரம், எதிராளியின் அறியாமையில் கிடைக்கும் வெற்றி என்பது முதல் மறுப்பு. ஒரு காலத்தில் இது நியாயமான குற்றச்சாட்டாக இருந்தது. இரண்டு பக்கமும் ஒரே நிறத்தில் வேறு வேறு ரப்பர் ஒட்டி, மட்டையைச் சுழற்றி ஏமாற்ற முடிந்த காலம் அது. 1980-களில் சம்மேளனம் அந்த வாசலை அடைத்துவிட்டது. இரு பக்கமும் வேறு வேறு நிறத்தில் இருக்க வேண்டும் என்பது விதியானது. ஆட்டத்துக்கு முன்னால் மட்டையை எதிராளி கேட்டு வாங்கிப் பார்க்கலாம். புள்ளிகளின் நீளத்துக்கும் வரம்பு உண்டு. எந்தப் பக்கம் என்ன ரப்பர் என்று தெரிந்த பின்பும் ஒருவர் தோற்றால், அது அவர் ஏமாந்த கதை ஆகாது. அவர் படிக்காத பாடம். அதைப் படிக்க மிகச் சிறந்த வழி, அந்த ரப்பரைத் தானே சில வாரங்கள் பிடித்து ஆடுவது. லாங் பிம்பிளால் பேக்ஸ்பின் பந்தைத் தள்ளினால் அது டாப்ஸ்பின்னாக மிதந்து போகும் என்பதும், சுழலாத பந்து வந்தால் அந்த ரப்பரால் அதிகம் எதுவும் செய்ய முடியாது என்பதும், கையால் உணர்ந்தவருக்குப் பிறகு மறப்பதில்லை. தன் முறைக்கே திரும்பி வந்தாலும் அந்த அறிவு கூடவே வரும்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. உச்சியில் இருப்பவர்களைப் பாருங்கள், பெரும்பாலோர் இருபுறமும் டாப்ஸ்பின் அடிப்பவர்கள்தானே என்கிறார்கள். ஆம், அப்படித்தான். 2003 பாரிஸ் உலகப் போட்டியில், சாப் ஆட்டக்காரரான கொரியாவின் ஜூ செ ஹ்யுக் இறுதிவரை வந்தும் ஆஸ்திரியாவின் வெர்னர் ஷ்லாகரிடம் தோற்றார். ஆனால் அவர் எப்படி அதுவரை வந்தார் என்பதையும் பார்க்க வேண்டும். வெட்டித் திருப்புவதோடு நிற்காமல், வாய்ப்புக் கிடைத்தபோதெல்லாம் ஃபோர்ஹேண்டால் பாய்ந்து தாக்கினார். தற்காப்பு முறைக்குள்ளேயே ஒரு சோதனை அது. உச்சியில் இருக்கும் சீன அணியின் வழக்கமும் இந்த மறுப்புக்கு விடை சொல்கிறது. சாப், பிம்பிள், பேனா பிடி என்று எல்லா வகை ஆட்டக்காரர்களையும் அது பயிற்சியில் வைத்திருக்கிறது. வெளிநாட்டு வீரர்களின் ஆட்டத்தை அப்படியே நகலெடுத்து ஆடுபவர்களைக்கூட உருவாக்குகிறது. ஒரே முறையில் ஜெயிப்பவர்களே பல முறைகளோடு பழகித்தான் அந்த ஜெயிப்பை எட்டுகிறார்கள். தவிர, ஒரே முறைக்குள்ளும் வேறுபாட்டுக்கு நிறைய இடம் இருக்கிறது. சென்னையின் சரத் கமலும் சத்தியனும் ஒரே பிடி, ஒரே வகை ரப்பர். ஆனால் சரத்தின் பலம் ஃபோர்ஹேண்டின் வலிமை. சத்தியனின் பலம் மேசையை ஒட்டி நின்று ஆடும் வேகமும் பேக்ஹேண்டும். எது தனக்கு உரியது என்று தேடிக் கண்டுகொள்வதுதான் முக்கியம்.

முறையை மாற்றினால் அடிப்படை கெட்டுப்போகும் என்பது மூன்றாவது மறுப்பு. இதை நான் பெருமளவு ஏற்கிறேன். சீக்கிரம் பதக்கம் வேண்டும் என்று எட்டு வயதுக் குழந்தையின் மட்டையில் லாங் பிம்பிள் ஒட்டுவது தவறு. மாவட்டப் போட்டியில் சக குழந்தைகள் அந்தப் பந்தைக் கண்டு தடுமாறுவார்கள், கோப்பை வரும். ஆனால் அந்தக் குழந்தை பேக்ஹேண்ட் அடியையே முழுதாகக் கற்றிருக்காது. எதிராளிகள் வளர்ந்து ரப்பரைப் படிக்கக் கற்றுக்கொண்டதும் அதன் கையில் எதுவும் மிஞ்சாது. டெங் யாபிங்கும் மணிகாவும் அப்படி ஜெயித்தவர்கள் இல்லை. பிம்பிள் திறந்துவிட்ட வழியில் முடிக்கத் தெரிந்த தாக்குதல் அவர்களிடம் இருந்தது. ஆகவே அடிப்படை முதலில், சோதனை பிறகு என்ற வரிசை மாறக் கூடாது. ஆனால் கெட்டுப்போகும் என்ற பயத்தில் எப்போதுமே முயலாமல் இருப்பதும் பாதுகாப்பு ஆகாது. ஆட்டமே மாறிக்கொண்டுதான் இருக்கிறது. 2000-இல் பந்து 38 மில்லிமீட்டரிலிருந்து 40-ஆகப் பெரிதானது. 2001-இல் 21 புள்ளி கேம் 11 புள்ளியானது. 2014-இல் செல்லுலாய்டு பந்து போய் பிளாஸ்டிக் பந்து வந்தது, சுழற்சி குறைந்தது. ஒவ்வொரு மாற்றத்திலும், மாறிப் பழகியவர்களே விரைவில் சுதாரித்துக்கொண்டார்கள்.

எப்படி முயல்வது

சோதனைக்கும் ஓர் ஒழுங்கு வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். பிடியையும் ரப்பரையும் நிற்கும் இடத்தையும் ஒன்றாக மாற்றினால், எது பலன் தந்தது, எது கெடுத்தது என்று தெரியாமல் போகும். செலவில்லாத மாற்றங்களிலிருந்து தொடங்கலாம்: வழக்கத்தைவிட ஓரடி பின்னே நிற்பது, தாக்க வேண்டிய பந்தை பிளாக் செய்து பார்ப்பது, மட்டையைக் கையில் திருப்பப் பழகுவது. ரப்பரை மாற்றுவதானால் பழைய மட்டையை அப்படியே வைத்துக்கொண்டு, இன்னொரு மட்டையில் புது ரப்பரை ஒட்டுவது நல்லது. போட்டிகள் இல்லாத மாதங்களே இதற்கு உகந்தவை. முதல் சில வாரங்கள் தோல்விதான் வரும்; வழக்கமாக வெல்லும் ஆட்களிடமும் தோற்க நேரிடும். அந்த நாட்களில் வெற்றி தோல்வியை அளவுகோலாக்கினால் எந்தச் சோதனையும் பத்து நாளைத் தாண்டாது. எந்தப் பந்தில் தவறு வருகிறது, எந்தச் சர்வீஸை இப்போது எளிதாகத் திருப்ப முடிகிறது, எதிராளி எங்கே தயங்குகிறார் என்பவற்றைக் குறித்துக்கொண்டே வர வேண்டும். மூன்று மாதம் கழித்து அந்தக் குறிப்புகளைப் படித்து, தொடர்வதா திரும்புவதா என்று முடிவு செய்யலாம். திரும்பினாலும் நட்டமில்லை, போவதற்கு முன் இருந்ததைவிட ஆட்டத்தை அதிகம் அறிந்தவராகத்தான் திரும்புவீர்கள்.

இந்த விளையாட்டின் விதிப் புத்தகமே சோதனைக்கு இடம் கொடுக்கிறது. மட்டை எந்த அளவிலும் எந்த வடிவத்திலும் எந்த எடையிலும் இருக்கலாம் என்கிறது அது. பலகை தட்டையாகவும் விறைப்பாகவும் இருக்க வேண்டும், தடிமனில் குறைந்தது 85 சதவீதம் இயற்கை மரமாக இருக்க வேண்டும், அவ்வளவே. அந்தச் சுதந்திரத்தைப் பயன்படுத்தி, அறுகோண வடிவ மட்டையோடு ஆடும் ஸ்வீடனின் ட்ரூல்ஸ் மோரேகார்த், பாரிஸ் ஒலிம்பிக்கில் உலகின் முதல்நிலை வீரர் வாங் சுச்சினை வென்று, வெள்ளிப் பதக்கம் வரை போனார். முந்தின நாள் புகைப்படக்காரர் ஒருவர் மிதித்து வாங்கின் மட்டை உடைந்துபோனதும் உண்மை. ஆனால் அதன் பிறகும் இறுதிவரை ஒவ்வொரு சுற்றையும் மோரேகார்த் ஆடித்தான் வென்றார்.

பயிற்சியாளர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் கூடத்தில் ஒரு சாப் ஆட்டக்காரரும் ஒரு பிம்பிள் ஆட்டக்காரரும் கட்டாயம் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அடிப்படையைக் கற்று முடித்த ஒரு பிள்ளை "வேறு மாதிரி ஆடிப் பார்க்கட்டுமா?" என்று கேட்டால் தடுக்காதீர்கள். பெற்றோர்களே, அந்த மாதங்களில் பிள்ளை தோற்று வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கணக்காக ஒரே அடியை ஒரே இடத்தில் நின்று அடித்துக்கொண்டிருப்பவர்கள், இந்த ஆண்டு ஒரு மாற்றத்தையாவது முயன்று பாருங்கள். அந்த முறை உங்களுக்கு ஒத்துவரலாம், வராமலும் போகலாம். இரண்டில் எதுவானாலும், மேசைக்கு அந்தப் பக்கம் நிற்பவர் என்ன செய்கிறார், ஏன் செய்கிறார் என்பது இனி உங்களுக்குப் புரியும். டேபிள் டென்னிஸில் முன்னேற்றம் அந்தப் புரிதலில்தான் தொடங்குகிறது.